ஏழு நிறக் கோனை ஒரே வெள்ளையாக்கிய கதை

ஒரே சாமானை ஏழு விதமாக வாங்குகிற இடத்தில் போய் உட்கார்ந்தால், முதல் மாதத்திலேயே உங்களுக்குக் கை பரபரக்கும். எனக்கும் பரபரத்தது. அது நல்ல பரபரப்புதான், கொள்முதல் வேலைக்கு வருகிறவனுக்கு அது இல்லாவிட்டால் அவன் வெறும் பில் சேகரிக்கிற ஆள். ஆனால் அந்தப் பரபரப்பில் நான் ஒரு பெண்ணின் வேலைக்கு உலை வைத்தேன். இதை உங்கள் இருவரிடமும் இதுவரை சொன்னதில்லை.

ஜெனி, நீ ஆஸ்பத்திரியில் பர்ச்சேஸ் பிரிவுக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. பிரபு, நீ கம்பெனி ஸ்டோரில் உட்கார்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தீர்கள். இத்தனை ரகம் எதற்கு, எல்லாவற்றையும் ஒன்றாக்கினால் எவ்வளவு மிச்சம் என்று. நான் ரசத்தை ஊற்றிக்கொண்டு பேசாமல் இருந்தேன். அன்று பேசியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். உங்கள் பக்கத்து மேசைகளில் உட்காருகிற பிள்ளைகளுக்கும் வாசிக்கக் கொடுங்கள். நான் பிளஸ் டூவும் டைப்ரைட்டிங்கில் லோயர் பரீட்சையும் முடித்தவன், அவ்வளவுதான். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததில் பிழை இல்லை.

தொண்ணூறுகளின் கடைசி. அவனியாபுரத்தைத் தாண்டிக் கண்மாய்க்கரை ஓரமாக இருந்த நூல் மில்லில் நான் ஸ்டோர் கிளார்க். அக்கம்பக்கத்தில் இரண்டு மில்கள் கதவைச் சாத்தியிருந்தன. அடுத்து நாம்தான் என்று கேன்டீனில் பேச்சு. அந்த நேரத்தில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு புது மேனேஜர் வந்தார். மரியாதையான மனிதர். எங்களைப் போன்ற கிளார்க்குகளிடம்கூட "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் அந்த "ங்க" காணாமல் போய்விடும்.

வந்த வாரமே ஸ்டோருக்குள் வந்து ரேக் ரேக்காகப் பார்த்தார். ஒரு பெல்ட்டை எடுத்தார், இன்னொரு பெல்ட்டை எடுத்தார்.

"ஏனுங்க சேசுராஜ், இது ரெண்டும் ஒரே மோட்டாருக்குத்தானுங்களே?"

"ஆமா சார்."

"அப்புறம் எதுக்கு அஞ்சு கம்பெனி பெல்ட்டு?"

யாரோ ஒரு காலத்தில் ஒன்றைக் கேட்டிருப்பார், இன்னொருவர் இன்னொன்றைக் கேட்டிருப்பார். கேட்டவர்கள் ரிட்டயர்டு ஆகிப் போயிருப்பார்கள். பெல்ட் மட்டும் வந்துகொண்டே இருந்தது. இது எல்லா இடத்திலும் நடப்பதுதான். உங்கள் ஸ்டோரிலும் போன தலைமுறையின் பிடிவாதங்கள் ரேக்கில் தூசி படிந்து கிடக்கும், பாருங்கள்.

அவர் எனக்கு ஒரு நோட்டைக் கொடுத்து, ஒன்றாக்கக் கூடியதையெல்லாம் எழுதிக் கொண்டுவரச் சொன்னார். எழுதினேன். பெல்ட் ஒரே கம்பெனி. டியூப்லைட் ஒரே அளவு. மெஷினுக்குப் போடும் ஆயில் எட்டு வகையிலிருந்து மூன்று. விளக்குமாற்றில்கூட நாலு வகை வாங்கிக்கொண்டிருந்தோம், அதையும் இரண்டாக்கினேன். எல்லாம் பலித்தது. மொத்தமாக ஆர்டர் கொடுத்ததும் விற்கிறவர்கள் இறங்கி வந்தார்கள். ஸ்டோரில் நடக்க இடம் கிடைத்தது. மேனேஜர் என்னை எல்லோர் முன்னாலும் கைகொடுத்துப் பாராட்டினார். பர்ச்சேஸ் அசிஸ்டென்ட் வேலைக்கு என் பெயரை எழுதி அனுப்பப்போவதாகவும் சொன்னார். அப்போது பிரபு, நீ பிறந்து மூன்று மாதம்.

இந்த இடத்தில்தான் கவனிக்க வேண்டும். நான் தோற்றுப்போய்த் தப்புச் செய்யவில்லை. வரிசையாக ஜெயித்துக்கொண்டே போய், அந்த வேகத்திலேயே தப்புச் செய்தேன்.

கடைசியாக மிஞ்சியது பேப்பர் கோன். நூலைச் சுற்றுகிற, கூம்பு மாதிரி இருக்கிற அட்டை. அதை ஏழு நிறத்தில் வாங்கிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு ரக நூலுக்கும் ஒரு நிறம். கூம்பின் நுனியில் மஞ்சள், பச்சை, ஊதா என்று சாயம் பூசியிருக்கும். நாலு கம்பெனிகளிடமிருந்து வரும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாகக் குறைந்தபட்ச ஆர்டர் வேண்டும். ஒரு ரக நூல் நின்றுபோனால் அந்த நிறக் கோன் அப்படியே தங்கிவிடும். ஐப்பசி மழையில் அட்டை நமுத்துப் போகும், எலி வேறு. எல்லாவற்றையும் எழுதி, சாயம் பூசாத வெள்ளைக் கோன் ஒன்றே போதும், எந்த ரகம் என்பதைக் கோனின் உட்பக்கம் சிறிய ஸ்டிக்கர் ஒட்டித் தெரிந்துகொள்ளலாம் என்று முடித்தேன்.

மேனேஜர் வாசித்துவிட்டு, "டிபார்ட்மெண்ட்ல கேட்டீங்களா?" என்றார்.

கேட்டிருந்தேன். நூல் சுற்றும் பிரிவின் மாஸ்டரிடம் போய்க் கேட்டேன். கோன் அளவு மாறாதவரை மெஷினுக்கு நிறம் ஒரு பொருட்டில்லை என்று கையெழுத்துப் போட்டார். ஸ்பின்னிங் மாஸ்டரிடம் கேட்டேன். அவரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். கீழே மேனேஜரும் போட்டார். நாலு கையெழுத்தோடு ஆர்டர் போனது.

பேக்கிங் பிரிவில் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று பின்னாளில் பல தடவை என்னையே கேட்டுக்கொண்டேன். பகை ஒன்றும் இல்லை, மறதியும் இல்லை. மூடையில் அடுக்கி, எடை போட்டு, வாயைத் தைக்கிற இடம் அது. அங்கே கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அந்த நினைப்புத்தான் காரணம்.

வெள்ளைக் கோன் வந்து ஒரு வாரம் இருக்கும். மில் வாசல் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். பேக்கிங் மேஸ்திரி முத்துக்காளை வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் எல்லோரையும் மாப்ள என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன மாப்ள, மில்லு பூரா வெள்ளையடிச்சு விட்டீராமே. எங்க பொம்பளைக பொலம்புதுக. எது எந்த நூலுன்னு தெரியலையாம்."

"உள்ளுக்குள்ள ஸ்டிக்கர் இருக்குல்லண்ணே."

"அதைத்தேன் சொல்றாக. ஒவ்வொண்ணையும் தூக்கிக் கவுத்துப் பாக்கணுமாம்ல. பேச்சியம்மா ரொம்பச் சொல்லுது, ஸ்டோர்ல சொல்லுங்க அண்ணேன்னு."

"பழக்கம் ஆயிரும்ணே. புதுச் செருப்புக்கூட மொத ஒரு வாரம் கடிக்கத்தான செய்யும்?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். முத்துக்காளையும் சிரித்துவிட்டு, "அதுவும் சரித்தேன்" என்று டீயைக் குடித்தார். நான் நன்றாகப் பேசிவிட்டதாக நினைத்துக்கொண்டு வந்தேன்.

பேச்சியம்மாள் பேக்கிங்கில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறவர். வலையங்குளத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். புருஷன் இல்லை. மகளை நர்ஸ் படிப்பில் சேர்த்துவிட்டு, இன்னும் ஒரு வருஷம்தான், ஒரு வருஷம்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய பேக்கிங் நம்பர் பதினொன்று. யார் கட்டிய மூடையோ அவருடைய நம்பர் போட்ட சீட்டு மூடைக்குள் போகும். அது எங்கள் மில் வழக்கம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, மேனேஜர் அறைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. உள்ளே செல்லூர்த் தறிக்காரர் சாந்தாராம் நின்றுகொண்டிருந்தார். சௌராஷ்டிரக்காரர், தகப்பன் காலத்திலிருந்து எங்கள் நூலை வாங்குகிறவர். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மேசையின் மேல் ஒரு நீலத் துணியை விரித்து வைத்திருந்தார். பள்ளிக்கூட யூனிபார்ம் துணி. நெய்து முடித்துச் சாயம் போட்டபின்தான் தெரிந்திருக்கிறது. அரை முழத்துக்கு ஒரு பட்டை. ஒரு பட்டை அடர்த்தி, ஒரு பட்டை வெளிறல். தூரத்திலிருந்து பார்த்தாலே கண்ணை உறுத்தியது.

"இதை எந்தப் புள்ளைக்குச் சார் தைச்சுப் போடுறது?" என்றார். குரல் உயரவே இல்லை. "ரெண்டு நூலு கலந்துருக்கு. எங்கப்பா காலத்துல இருந்து உங்க மூடையை நான் பிரிச்சுப் பாத்ததில்ல. அப்படியே தறிக்குப் போகும். அம்புட்டு நம்பிக்கை."

என்ன நடந்தது என்று உங்களுக்குப் புரிய வேண்டும். பஞ்சை நன்றாகச் சீவி, குட்டை இழைகளைக் கழித்துவிட்டு நூற்பது ஒரு ரகம். அப்படிச் சீவாமல் நூற்பது சாதா ரகம். இரண்டும் ஒரே கனம்தான். வெள்ளையாக இருக்கும்போது பழகிய கண்ணுக்குக்கூடச் சட்டென்று வித்தியாசம் தெரியாது. சாயத் தொட்டிக்குள் போனால்தான் தெரியும், ஏனென்றால் இரண்டும் சாயத்தை ஒரே மாதிரி குடிப்பதில்லை.

சாந்தாராம் சட்டைப் பையிலிருந்து மூன்று சீட்டுகளை எடுத்து வைத்தார். மூன்றிலும் பதினொன்று.

பேச்சியம்மாளைக் கூப்பிட்டார்கள். தலையில் பஞ்சுத் தூசியோடு வந்து கதவோரம் நின்றார். மேனேஜர் துணியைக் காட்டினார், சீட்டுகளைக் காட்டினார்.

"இது உங்க நம்பர்தானுங்களே?"

"ஆமாங்க சார்."

"பதினெட்டு வருஷ சர்வீஸ். கண்ணைத் தொறந்து வெச்சுட்டு வேலை செய்ய மாட்டீங்களா?"

பேச்சியம்மாள் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். மறுபடி தலை குனிந்துகொண்டார். அந்த ஒரு நொடியில் அவர் என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. நான் வாயைத் திறந்திருக்கலாம், திறக்கவில்லை. என் வேலைக்காலம் முழுவதிலும் திருப்பிக் கிடைக்காதா என்று நான் ஏங்குகிற நொடி அது.

"திங்கக்கிழமை வர வேண்டாம். லெட்டர் வரும்" என்றார் மேனேஜர். என் பக்கம் திரும்பி, "சேசுராஜ், விசாரணைக்கு நிறுத்தி வெக்கறதா ஒரு லெட்டர் அடிச்சுக் கொண்டாங்க. காரணம் தெளிவா இருக்கட்டும்" என்றார். தமிழ் டைப் தெரிந்தவன் ஆபீஸில் நான் ஒருவன்தான்.

ஸ்டோருக்கு வந்து மெஷினில் பேப்பரைச் சொருகினேன். பெயர், நம்பர், பிரிவு எல்லாம் அடித்தேன். "தங்களது கவனக்குறைவினால்" என்று அடித்தேன். அதற்கு மேல் விரல் போகவில்லை. பேப்பரை மெஷினிலேயே விட்டுவிட்டுப் பேக்கிங் பக்கம் நடந்தேன்.

ஷிஃப்ட் முடிகிற நேரம். பேச்சியம்மாள் தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"யக்கா, எப்படி நடந்துச்சு?"

"எப்படி நடந்துச்சுன்னு எங்கிட்டக் கேக்குறீங்களே சார்." கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். என்னைத் தள்ளுவண்டி பக்கம் கூட்டிப்போனார். சுற்றி முடித்த கோன்கள் வண்டியில் அடுக்கி நின்றன, எல்லாம் வெள்ளை. "இந்த வண்டில எந்த நூலு?"

"சாதா."

"எல்லாமேவா?"

நான் பார்த்தேன். அவர் கை வைத்து நடுவிலிருந்து ஒரு கோனைத் தூக்கிக் கவிழ்த்தார். உள்ளே ஸ்டிக்கர் வேறு ரகம் என்று சொன்னது.

"ரெண்டு நூலும் பக்கத்துப் பக்கத்து மிசின்ல ஓடுது. தெனமும் வண்டிக்கு ரெண்டு மூணு மாறி வரத்தான் செய்யும். நேத்து இன்னிக்கு இல்ல, நான் வந்த நாள்ல இருந்து வருது. மஞ்சளுக்கு நடுவுல ஒரு பச்சை நின்னா வாசல்ல இருந்தே தெரியும். எடுத்து ஓரமா வச்சிட்டுப் போயிருவோம். இதையெல்லாம் யாருகிட்டப் போய்ச் சொல்ல? இப்ப பாருங்க, எல்லாம் விதவை மாதிரி ஒண்ணுபோல நிக்கிது. ஒரு மூடைக்கு நாப்பது கோனு. நாப்பதையும் தூக்கிக் கவுத்துப் பாத்தா நாளைக்கு எம்புட்டு மூடை கட்ட முடியும்? மூடை கொறஞ்சா அதுக்கும் எங்களைத்தான கேப்பாக?"

பதினெட்டு வருஷமாக ஒரு தப்பு தினமும் நடந்துகொண்டிருந்தது. அதைப் பதினெட்டு வருஷமாக இந்தப் பெண்கள் தினமும் திருத்திக்கொண்டிருந்தார்கள். ஆபீஸில் ஒருவருக்கும் தெரியாது. அவர்கள் திருத்துவதற்கு வைத்திருந்த ஒரே கருவி அந்த நிறம். நாங்கள் அதைச் சாயச் செலவு என்று எழுதி நீக்கியிருந்தோம். அந்த நிறம் சம்பளம் கேட்காத காவல்காரன். அவனை வேலையிலிருந்து நிறுத்தியவன் நான்.

"மேனேஜர்கிட்ட இதை ஏன்க்கா சொல்லல?"

"மேஸ்திரி அண்ணேகிட்டச் சொன்னேன். அவரு உங்ககிட்டச் சொன்னாராம், செருப்புக் கடிக்கிற மாதிரித்தேன், சரியாப் போகும்னு நீங்க சொன்னீங்களாம்." தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டார். "வாரேன் சார். பஸ்சு போயிரும்."

அந்த வார்த்தை அப்படியே என்னிடம் திரும்பி வந்தது. நான் சிரிப்புக்காகச் சொன்னது, அவருடைய மகளின் படிப்பு வரைக்கும் போய்விட்டது.

மறுநாள் ஞாயிறு. கோயிலில் பூசைக்கு உட்கார்ந்திருந்தேன், ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. பழங்காநத்தம் வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். பிரபு, நீ அவள் மடியில் கிடந்தாய். ஜெனி, நீ சிலேட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாய்.

"சொன்னா என்ன செய்வாக?" என்று கேட்டாள்.

"அசிஸ்டென்ட் வேலை கிடைக்காது. இருக்குற வேலையும் எப்படின்னு தெரியல. மேனேஜரும் அதுல கையெழுத்துப் போட்டிருக்காரு. அவருக்கும் கோவம் வரும்."

"இம்புட்டுப் பச்சப் புள்ளைய வச்சுக்கிட்டு..." என்று ஆரம்பித்தவள் அதை முடிக்கவில்லை. சாயங்காலம் என் வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டுவைத்தாள். சொல் என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை சீக்கிரமே போனேன். பேக்கிங்கிலிருந்து பன்னிரண்டு கோன்களை ஒரு தட்டில் அடுக்கி மேனேஜர் மேசையில் வைத்தேன். அவர் வந்தார்.

"லெட்டர் எங்கீங்க?"

"அடிச்சுட்டு இருக்கேன் சார். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன உதவி. இதெல்லாம் சாதா நூலு. இதுல வேற ரகம் கலந்துருக்கு. எடுத்துக் குடுங்க சார்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் அவர் தொழில் தெரிந்த மனிதர், சவால் என்றால் விடமாட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். நூலைத் தடவிப் பார்த்தார், ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். முடியவில்லை. பிறகு ஒவ்வொன்றாகக் கவிழ்த்து ஸ்டிக்கரைப் பார்க்க ஆரம்பித்தார். ஐந்தாவது கோனில் நிறுத்தி, அதை எடுத்துத் தனியாக வைத்தார். முகத்தில் ஒரு சிரிப்பு.

"இதோ இருக்குதுங்களே. கவனமாப் பார்த்தா தெரியுது."

"ஒண்ணு இல்ல சார். ரெண்டு."

சிரிப்பு நின்றுபோனது. மீதி ஏழையும் கவிழ்த்தார். பத்தாவதில் இருந்தது. தேடியது கிடைத்ததும் கை நின்றுவிடும். எந்த மனிதனுக்கும் அப்படித்தான். பேச்சியம்மாளுக்கும் அப்படித்தான் நடந்திருக்கும். ஒன்று கிடைத்த மூடையில் இரண்டாவது உள்ளே போயிருக்கும்.

தினமும் ரகம் மாறி வருவதையும், நிறத்தை வைத்து அவர்கள் பிரித்தெடுத்துக்கொண்டிருந்ததையும் சொன்னேன். டீக்கடையில் முத்துக்காளை எச்சரித்ததையும், நான் செருப்பு என்று கேலி பேசியதையும் மறைக்காமல் சொன்னேன். அதைச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வாய்ப்பு இருந்தது. எனக்குத் தெரிவிக்கப்பட்டிருந்தது என்பதுதான் உண்மை.

மேனேஜர் அந்த இரண்டு கோன்களையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல என் கையெழுத்தும் இருக்குது. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சும் கொண்டாந்து வெச்சிருக்கே." அந்த "ங்க" போயிருந்தது. "மெஷின்ல அந்தப் பேப்பர் இன்னும் இருக்குதா?"

"இருக்கு சார்."

"அந்தப் பேரை எடுத்துட்டு உன் பேரைப் போட்டு அடிச்சுக் கொண்டா."

போய் உட்கார்ந்தேன். புதுப் பேப்பர் சொருகி, என் பெயரையும் பிரிவையும் அடித்து, "தங்களது கவனக்குறைவினால்" என்பதை இரண்டாம் தடவையாக அடித்தேன். இந்தத் தடவை விரல் நிற்கவில்லை. எனக்கு நானே மெமோ அடித்துக் கையெழுத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவன், அந்த மில்லில் நான் ஒருவன்தான் இருப்பேன். வேலை போகவில்லை. அசிஸ்டென்ட் பதவி அந்த வருஷமும் கிடைக்கவில்லை, அடுத்த வருஷமும் கிடைக்கவில்லை. கையெழுத்துப் போட்ட மற்ற மூவருக்கும் எந்த மெமோவும் வரவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கசப்பு உண்டு. உங்களிடம் மறைப்பானேன்.

சாந்தாராமிடம் மேனேஜரும் நானும் செல்லூருக்கே போய் மன்னிப்புக் கேட்டோம். காப்பி கொடுத்தார். துணிக்கு ஈடும் பேசி முடித்தோம். ஆனால் அதற்குப்பின் அவர் எங்கள் மில் வாசலை மிதிக்கவில்லை. "கோவமெல்லாம் இல்ல சார். இனிமே உங்க மூடையைப் பிரிச்சுப் பாத்துத்தான் போட முடியும். பிரிச்சுப் பாக்குறதுன்னா எந்த மில்லு நூலா இருந்தா என்ன?" என்றார். இரண்டு தலைமுறை வாடிக்கை. கோன் சாயத்தில் நான் மிச்சம் பிடித்ததை வைத்து அதைத் திரும்ப வாங்க முடியுமா?

பிள்ளைகளே, இதைக் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் ஒன்றையும் ஒன்றாக்கக் கூடாது போல" என்று பயந்துவிடாதீர்கள். அதுவும் சோம்பேறித்தனம்தான். பெல்ட்டை ஒன்றாக்கியது சரி. ஆயிலைக் குறைத்தது சரி. இன்றைக்கு உட்கார்ந்தாலும் அதையே செய்வேன். ஒரு வித்தியாசத்தை எடுப்பதற்கு முன்னால், அந்த வித்தியாசத்தை வைத்து யாராவது ஏதாவது வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவர்களிடம் மட்டும் கேட்டால் பதில் வராது. அந்தச் சாமானைக் கடைசியாகத் தொடுகிறவர் யாரோ, அவரிடம் போய்க் கேளுங்கள். அவருக்குச் சொல்லத் தெரியாவிட்டால் பக்கத்தில் அரை நாள் நில்லுங்கள். கை எங்கே போகிறது, கண் எங்கே போகிறது என்று பாருங்கள். இன்னொன்று, யாராவது தயங்கித் தயங்கி ஒரு குறை சொல்ல வந்தால், அதற்கு நல்ல பதில் உங்கள் நாக்கில் தயாராக இருந்தால், அந்தப் பதிலை விழுங்கிவிடுங்கள்.

பேச்சியம்மாள் புதன்கிழமை வேலைக்கு வந்தார். யார் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுவதும் மத்தியானம் சாப்பிட்டபின் நான் பேக்கிங்கிலேயே நின்றேன். அவர்கள் சொல்லச் சொல்லத்தான் தெரிந்தது. வெள்ளையாக்கிய பிறகும் நாங்கள் நாலு கம்பெனியில், நாலு தடிமனில் அட்டை வாங்கிக்கொண்டிருந்தோம். அந்த வித்தியாசத்தை யாரும் எதற்கும் பயன்படுத்தவில்லை. அதை ஒரே கம்பெனி, ஒரே தடிமன் ஆக்கினால் சாயத்தை நீக்கி மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடும். அடுத்து, ஏழு நிறமும் தேவையில்லை. சில ரகங்கள் ஒரே நேரத்தில் ஓடுவதே இல்லை, அவை நிறத்தைப் பங்குபோட்டுக்கொள்ளலாம். நாலு நிறம் போதும் என்று அவர்களே விரல் விட்டு எண்ணிச் சொன்னார்கள்.

கப்பலூரில் இருந்த கோன் கம்பெனிக்காரர் நாலு நிறத்திலும் மாதிரி கொடுத்தனுப்பினார். பச்சை, ஊதா, மஞ்சள், காவி. ஆர்டரை அடித்து முடித்து, மேனேஜர் கையெழுத்துக்குப் போகும் வழியில் பேக்கிங்கில் நுழைந்தேன். மாதிரிகளைப் பேச்சியம்மாள் முன்னால் வைத்தேன். அவர் நாலையும் எடுத்துக்கொண்டு, ஹாலின் கடைசியில் வெளிச்சம் குறைந்த மூலைக்குப் போனார். அங்கே தரையில் நிறுத்திவிட்டுத் திரும்பி நடந்து வந்து என் பக்கத்தில் நின்று பார்த்தார்.

"இந்த மஞ்சளும் காவியும் ஆகாது சார். மழை மூட்டம்னா ரெண்டும் ஒண்ணாத் தெரியும்."

"வேற என்ன போடலாம்?"

"காவிக்குப் பதிலாக் கருப்பு கெடைக்குமா?"

"கெடைக்கும்."

நான் அங்கேயே ஒரு கோன் பெட்டியின் மேல் தாளை வைத்து, காவி என்பதை அடித்துவிட்டுக் கருப்பு என்று எழுதினேன். பேனாவை அவரிடம் நீட்டினேன்.

"இங்கிட்டு ஒரு கையெழுத்துப் போடுங்கக்கா."

"நான் எதுக்கு சார்? பெரிய சார்தான போடணும்?"

"அவரு உங்களுக்குக் கீழதான் போடுவாரு."

அவர் என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். கையில் இருந்த பஞ்சுத் தூசியைச் சேலையில் துடைத்தார். பெட்டியின் மேல் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாகத் தன் பெயரை எழுதினார். எழுதி முடித்தபின் பேனாவைத் திருப்பித் தரவில்லை. நாலு நிறத்தையும் மறுபடி ஒரு தடவை விரல் வைத்து வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் தந்தார்.